ஷேக்ஸ்பியர் என்ற பெயரின் பின்னால்: ஆங்கிலக் குடும்பப் பெயரை ஆதி ஆவணங்கள் வரை தேடிச் செல்லும் வழி

1248ஆம் ஆண்டில், கிளாஸ்டர்ஷயரின் கிளாப்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரைக் கொள்ளைக் குற்றத்துக்காகத் தூக்கிலிட்டார்கள். ஆவணத்தில் அவர் பெயர் வில்லியம் சாக்ஸ்பியர். அந்த ஊர், கவிஞர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து எட்டிப்போகும் தூரம்தான். குடும்பப் பெயர் அதே, இயற்பெயரும் அதே, வட்டாரமும் அதே. அப்படியானால் கவிஞரின் மூதாதை இவர்தானா?

தெரியாது. கவிஞருடைய தந்தைவழி, உறுதியான சான்றுகளோடு, தாத்தா ரிச்சர்ட் வரை போகிறது, அங்கே நின்றுவிடுகிறது. ரிச்சர்டின் பெயர் முதன்முதலில் கிடைப்பது 1529 வாக்கில். இடையிலுள்ள 280 ஆண்டுகளைத் தாண்ட ஒரு தாள்கூடப் பாலமாக இல்லை. உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட குடும்பங்களில் ஒன்றுக்கே இந்த நிலை. ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தேடத் தொடங்கும் எவரும் முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் குடும்பம் ஒன்றாகிவிடாது. ஓர் ஊரும் ஒரு துண்டு நிலமும் சேர்ந்து நின்றால்தான் இரண்டு பெயர்களை ஒரே கயிற்றில் கட்ட முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் ஷேக்ஸ்பியர் பெயரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அதன் ஆவணங்கள் எல்லோரும் பார்க்கும்படி கிடைப்பவை. அதில் நடந்த பிழைகளும் நமக்கு நல்ல பாடம்.

இன்றிலிருந்து பின்னோக்கி

1066 நார்மன் படையெடுப்பிலிருந்து தொடங்கி இன்றை நோக்கி வரலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அந்த வழி எங்கும் கொண்டுசேர்க்காது. இன்று உயிரோடிருப்பவரிடம் தொடங்கி, ஒரு தலைமுறைக்கு ஒரு படி என்று பின்னால் இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'இவர்தான் இவருடைய தந்தை' என்று சொல்லும் ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. அதற்குப் பிந்தைய காலம் எளிது. பிறப்புச் சான்றிதழில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். இவற்றோடு பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கையும் ஒப்பிடுங்கள். 1841 கணக்கில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், ஆகையால் 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். 1851 கணக்குதான் நமக்குத் திருப்புமுனை, ஏனென்றால் ஒவ்வொருவரும் எந்தப் பங்கில் (ஓர் ஆலயத்தின் பொறுப்பிலிருக்கும் ஊர்ப்பகுதியில்) பிறந்தார் என்று அதில்தான் முதலில் எழுதினார்கள். அந்த ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதைப் படிப்பவர்களில் சிலருக்குத் தேடல் லண்டனில் தொடங்காது. பொன்மலையிலோ பெரம்பூரிலோ போத்தனூரிலோ தொடங்கும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு முதல் படி சென்னைப் பதிவேடுகள். ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனுக்கு அனுப்பிவைத்தது. 1698 முதலான அந்த வரிசை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கம்பெனிப் படையில் சேர்ந்த சிப்பாய்களின் பட்டியல்களும் அங்கே உண்டு. சேர்ந்தவர் இங்கிலாந்தில் எந்த மாவட்டத்துக்காரர், அங்கே என்ன தொழில் செய்தார் என்பது அவற்றில் வரும். சென்னையிலிருந்து இங்கிலாந்தின் ஒரு குறிப்பிட்ட ஊருக்குத் தாண்ட அந்த வரிதான் உதவும். அது கிடைக்கும் வரை இங்கிலாந்துப் பதிவேடுகளைத் திறக்காதீர்கள். ஜான் ஸ்மித் என்ற பெயரை நாடு முழுவதும் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதை விட மோசம், ஏனென்றால் அங்கே ஊசிகளும் ஆயிரக்கணக்கில் கிடக்கும்.

பெயர் என்ன சொல்கிறது, எங்கே குவிந்திருக்கிறது

பின்னோக்கி இறங்குவதற்கு இடையிலேயே பெயரின் பொருளையும் பார்த்துவிடுவது நல்லது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களை நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை, உறவால் வந்தவை, பட்டப்பெயராக வந்தவை. ஹில் என்றால் மலையடிவாரத்தில் இருந்தவர்; ஆட்வுட் என்றால் காட்டோரத்தில் இருந்தவர். ஃபிளெட்சர் அம்பு செய்தவர். ஜான்சன் ஜானின் மகன். ஃபாக்ஸ், ஷார்ட் எல்லாம் ஊரார் வைத்தவை. 'ஈட்டியை ஆட்டுபவன்' என்று பொருள்படும் ஷேக்ஸ்பியரும் பட்டப்பெயர்தான். சண்டைக்கார மனிதர் ஒருவருக்கு அண்டை அயலார் வைத்ததாக இருக்கலாம். 1487இல் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஹியூ ஷேக்ஸ்பியர் என்பவர் தன் பெயரை சாண்டர்ஸ் என்று மாற்றிக்கொண்டார். பழைய பெயர் மட்டமாகக் கருதப்பட்டதே காரணம் என்று கல்லூரிப் பதிவேடு சொல்கிறது. இப்படி நடுவில் பெயர் மாறிய குடும்பத்தில் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சுவரில் முட்டிக்கொள்வோம். பழைய ஏடுகளில் 'ஏலியாஸ்' என்ற சொல்லைப் பார்த்தால் விடாதீர்கள். 'இன்னார் என்கிற இன்னார்' என்ற அந்தக் குறிப்பு இரண்டு பெயர்களையும் ஒருசேரத் தருகிறது.

தொழிற்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது வாக்கர், ஃபுல்லர், டக்கர் என்ற மூன்று பெயர்களின் கதை. மூவர் செய்ததும் ஒரே வேலை: நெய்த கம்பளித் துணியை நீரில் மிதித்தும் அடித்தும் கெட்டிப்படுத்துவது. அந்த வேலைக்கு வடக்கிலும் மேற்கு மத்தியப் பகுதியிலும் ஒரு சொல், தென்கிழக்கில் ஒரு சொல், தென்மேற்கில் ஒரு சொல். ஆகவே டக்கர் என்ற பெயர் வந்தால் டெவன், சாமர்செட் பக்கம் முதலில் பாருங்கள். பெயரே வரைபடமாகிவிடுகிறது.

வரைபடம் என்று சொல்லும்போது 1881 மக்கள்தொகைக் கணக்கை மறக்கக் கூடாது. அது முழுவதும் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், ஒரு பெயர் அன்று எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இருந்தது என்று பார்த்துவிடலாம். அரிதான இடப்பெயர்கள் ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் பிறந்த மண்ணைச் சுற்றியே அடர்ந்திருப்பதைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கும். ஓர் எச்சரிக்கை: ஊரின் பெயர் பெரும்பாலும் அந்த ஊரை விட்டுப் போனவருக்கே ஒட்டியது. எல்லோரும் அந்த ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் ஊர்ப்பெயரால் அழைப்பதில் பொருளில்லை. ஆகவே முதல் ஆளை அந்த ஊரில் தேடுவதோடு, சுற்றுவட்டாரத்திலும் தேடுங்கள்.

பங்குப் பதிவேடுகள்

1837க்கு முன்னால் ஆலயப் பதிவேடுகளே துணை. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஆணையிட்டார். தொடக்கத்தில் தாளில் எழுதியவை பல அழிந்தன. 1598இல் தோல் ஏட்டில் பிரதி எடுக்கச் சொன்னபோது, குறிப்பாக எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதல் எடுத்தால் போதும் என்ற பொருளில் ஆணை இருந்தது. அதனால்தான் பல ஊர்களின் பதிவேடு 1538இல் தொடங்காமல் 1558இல் தொடங்குகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டும் அப்படித்தான். 1564 ஏப்ரல் 26 அன்று 'ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியம்' என்று லத்தீனில் எழுதியிருக்கும் புகழ்பெற்ற அந்த வரி, 1600 வாக்கில் ஒரே கையெழுத்தில் எடுக்கப்பட்ட பிரதியில் இருப்பது. மூல ஏடு என்று நாம் நினைப்பதே நகலாக இருக்கலாம். நகலெடுத்தவர் ஒரு வரியைத் தவறவிட்டிருக்கவும் கூடும். 1598 முதல் ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய பிரதிகள் தனியாக உண்டு. பங்கின் ஏடு கிழிந்தோ மங்கியோ இருந்தால் அங்கே போங்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1661 மே மாதத்தில் திருமணம், 1661 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஏட்டில் கண்டால் குழந்தை முன்னால் பிறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த பிப்ரவரி, மே மாதத்துக்குப் பின்னால் வருவது; இன்றைய கணக்கில் 1662. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1661/2 என்று இரண்டு ஆண்டும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த குடியரசும் நடந்த 1642 முதல் 1660 வரை பல பதிவேடுகளில் ஓட்டை விழுந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒருவரைக் காணவில்லை என்பதை வைத்து அவர் பிறக்கவில்லை என்றோ இறந்துவிட்டார் என்றோ முடிவுகட்டக் கூடாது.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். காதால் கேட்டதை எழுத்தர் தன் மனம்போல எழுதினார். ஷேக்ஸ்பியரின் திருமண ஆவணங்களே இதற்குச் சாட்சி. 1582 நவம்பர் 27 அன்று வூஸ்டர் பேராயரின் பதிவேட்டில் மணமகன் 'Shaxpere', மணமகள் டெம்பிள் கிராஃப்டன் ஊரின் ஆன் வாட்லி. மறுநாள், மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்துத் திருமணத்தை அறிவிப்பதற்குப் பதில் ஒருமுறை வாசித்தால் போதும் என்று அனுமதி பெறுவதற்காக இரண்டு விவசாயிகள் 40 பவுண்டுக்கு எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரத்தில் மணமகன் 'Shagspere', மணமகள் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஆன் ஹாத்வே. இரண்டு பெண்களா? அதை வைத்துக் காதல் கதைகளே புனைந்தார்கள். 27ஆம் தேதியன்றே அதே அலுவலகத்தில் வாட்லி என்ற பெயருடைய ஒருவரின் வழக்கும் நடந்திருக்கிறது. எழுத்தர் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பதே நம்பத்தக்க விளக்கம். ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் ஆவணம் கிடைத்ததும் நிறுத்தாமல் இரண்டாவதைத் தேடச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் ஒரே ஊரில் ஒரே பெயர். கவிஞரின் தந்தை ஜான், கையுறை செய்பவர். 1580களில் ஸ்ட்ராட்ஃபோர்டில் செருப்புத் தைக்கும் இன்னொரு ஜான் ஷேக்ஸ்பியரும் வாழ்ந்தார். அவருடைய பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியதால், 1709இல் வெளிவந்த முதல் வாழ்க்கை வரலாறு கவிஞரின் தந்தைக்குப் பத்துப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டது. உண்மையில் எட்டு. பிற்காலத்தவர் பிரித்தறிந்தது ஒரு சிறு அடையாளத்தால்: கையுறைக்காரர் 1568இல் நகரத் தலைவரானார், அதன் பிறகு அவர் பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' என்ற மரியாதைச் சொல் வருகிறது, செருப்புக்காரருக்கு வரவில்லை. பெயருக்கு முன்னும் பின்னும் இருக்கும் குட்டிச் சொற்களை எல்லாம் அப்படியே படியெடுத்து வையுங்கள்.

உயில்களும் வாக்குமூலங்களும்

பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். உயிலில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். மகள் மணமாகி எந்தப் பெயருக்குப் போனாள், எந்தப் பேரனுக்கு எந்தப் பசு, எந்த ஊரில் எத்தனை ஏக்கர் எல்லாம் அதில்தான் தெரியும். 1858 ஜனவரி வரை உயில்களை மெய்ப்பித்தது ஆலய நீதிமன்றங்கள். தெற்கிலிருந்த வசதியானவர்களுடைய உயில்கள் கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்துக்குப் போயின. 1384 முதலான அந்தப் பதிவுகள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வடக்கத்தியவர்களுக்கு யார்க் பல்கலைக்கழகத்தின் பார்த்விக் நிறுவனம். எளியவர்களின் உயில்கள் அந்தந்த மறைமாவட்டத்திலிருந்து மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கு வந்திருக்கும்.

உயில் எழுதாமல் இறந்தவரை விட்டுவிடாதீர்கள். தாத்தா ரிச்சர்ட் ஷேக்ஸ்பியர் அப்படித்தான் இறந்தார். அவருடைய சொத்தை நிர்வகிக்க 1561 பிப்ரவரியில் உரிமை பெற்றவர் 'ஸ்னிட்டர்ஃபீல்டு ஊர் விவசாயி ஜான் ஷேக்ஸ்பியர்' என்று ஆவணம் சொல்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டின் கையுறைக்காரரையும் நான்கு மைல் வடக்கே இருந்த ரிச்சர்டையும் தந்தை மகனாக இணைக்கும் முதன்மையான கண்ணி இதுவே. இது தொலைந்திருந்தால் கவிஞரின் குடிவழி இன்னும் ஒரு தலைமுறை குறைந்திருக்கும்.

வழக்கு ஆவணங்களைப் பலர் தொடுவதே இல்லை. அது பெரிய இழப்பு. சாட்சி சொன்னவரின் ஊர், தொழில், ஏறக்குறைய வயது மூன்றையும் வாக்குமூலத்தின் தலைப்பில் எழுதுவது வழக்கம். 1612இல் லண்டனில் மருமகன் மாமனார் மேல் போட்ட வரதட்சிணை வழக்கொன்றில் கவிஞர் சாட்சி சொன்னார். அந்த ஆவணக் கட்டை 1909இல் சார்லஸ் வாலஸும் அவர் மனைவி ஹல்டாவும் தேடி எடுத்தார்கள். அதில் 'ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த, 48 வயது அல்லது அதையொட்டிய' என்று அவர் குறிக்கப்படுகிறார். பதிவேடு இல்லாத ஊர்க்காரருக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் பிறந்த ஆண்டே கையில் வந்துவிடும்.

வரிப் பட்டியல்கள்

இவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை உறவைச் சொல்வதில்லை; இன்ன பெயர் இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இருந்தது என்பதை மட்டும் சொல்லும். 1662 முதல் 1689 வரை வீட்டில் இருந்த ஒவ்வோர் அடுப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி. அடுப்பின் எண்ணிக்கையே குடும்பத்தின் வசதியைக் காட்டிவிடும். 1641, 1642இல் பதினெட்டு வயது நிரம்பிய ஆண்கள் எல்லோரும் நாடாளுமன்றத்தின் உறுதிமொழியில் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல் எஞ்சியிருக்கும் ஊர்களுக்கு அது ஆண்களின் முழு வருகைப்பதிவு. 1524, 1525 வரிப் பட்டியல் பங்குப் பதிவேடுகளுக்கு முந்தைய தலைமுறையைக் காட்டுகிறது, கூலிக்காரர்கள் உட்பட. இவற்றுள் பெரும்பாலானவை கியூவில் இருந்தாலும், மாவட்ட வரலாற்றுச் சங்கங்கள் அச்சிட்ட பதிப்புகள் கிடைக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

மேனர் நீதிமன்றச் சுருள்கள்

நான் மனம் விட்டுச் சொல்வதானால், தேடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பதிவேடுகள் 1538இல் நின்றுவிடும். எளிய குடியானவனின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக அதற்கும் முன்னால் கொண்டுபோகக்கூடிய ஆவணம் இது ஒன்றே.

மேனர் என்பதை ஏறக்குறைய நம் ஜமீன் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரு பிரபுவின் கீழ் நிலம், குடியானவர்கள், அவர்களுக்கென்று சில வாரங்களுக்கு ஒருமுறை கூடும் நீதிமன்றம். குடியானவர் இறந்தால் வாரிசு அந்த மன்றத்துக்கு வந்து, தந்தையின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரக் கேட்க வேண்டும். இறந்தவரின் மிகச் சிறந்த மாட்டையோ குதிரையையோ பிரபுவுக்குக் கொடுத்து, நுழைவுக் கட்டணமும் கட்ட வேண்டும். எழுத்தர் இதைச் சுருளில் பதிந்து ஒரு நகலைக் குடியானவரிடம் கொடுப்பார். நகல் வைத்திருப்பவர் என்பதாலேயே அந்த நிலவுரிமைக்குக் 'காப்பிஹோல்டு' என்று பெயர் வந்தது. நம் பட்டா மாற்றம் போல. தமிழ் வாசகருக்கு இது உடனே புரியும்: பட்டா யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது என்று வரிசையாகப் பார்த்தால் வம்சாவளி தானாக வந்துவிடும். நிலம் அதே நிலம். அதன் மேல் பெயர்கள் மாறிக்கொண்டே போகும். எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் நிலம் மாறாது. அதனால்தான் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதை விட நிலத்தைப் பிடித்துக்கொண்டு போவது உறுதியான வழி.

வாரிசு உரிமை மட்டுமன்றி அன்றாட வாழ்க்கையும் அதே சுருள்களில் கொட்டிக் கிடக்கிறது. ஆடு அடுத்தவர் பயிரில் மேய்ந்தது, வேலி சரியில்லை, கள்ளில் அளவு குறைத்தது எல்லாவற்றுக்கும் அபராதம். ரிச்சர்ட் ஷேக்ஸ்பியரை நாம் முதலில் சந்திப்பதே 1529இல் மன்றத்துக்கு வராததற்காகப் போட்ட 2 பென்ஸ் அபராதத்தில்தான். அவர் மகன் ஜான் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பதற்கு முதல் சான்று, 1552 ஏப்ரலில் ஹென்லி தெருவில் குப்பை குவித்ததற்காக இரண்டு அண்டை வீட்டாரோடு சேர்த்து விதித்த ஒரு ஷில்லிங். ஒரு குப்பைமேடு இல்லையென்றால் அந்த வீட்டின் வரலாறே சில ஆண்டுகள் பிந்தித் தொடங்கியிருக்கும்.

சுருள்களைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் ஊர் எந்த மேனர்களுக்குள் இருந்தது என்று அறிய வேண்டும். ஓர் ஊரில் இரண்டு மூன்று மேனர்களும் இருக்கலாம், ஒரு மேனர் பல ஊர்களிலும் பரந்திருக்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் மேனர் ஆவணப் பதிவேட்டை இணையத்தில் தேடினால் எந்தச் சுருள் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று காட்டும். எல்லா மேனருக்கும் அதிர்ஷ்டம் ஒன்றல்ல. யார்க்ஷயரின் வேக்ஃபீல்டு மேனருக்கு 1274 முதல் 1925 வரை சுருள்கள் இருக்கின்றன, தொடக்க நூற்றாண்டுகளின் பல சுருள்கள் அச்சாகியும் இருக்கின்றன. பக்கத்து மேனருக்கு ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்கலாம்.

நடுக்காலத்துக்குள்

1500க்கு முன்னால் போகும்போது கேள்வியே மாறிவிடுகிறது. 'இவருடைய தந்தை யார்' என்று கேட்கும் முன், 'இந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதா' என்று கேட்க வேண்டும். நம் இனிஷியல் தலைமுறைக்கு ஒருமுறை மாறுகிறது அல்லவா? 1200களின் இங்கிலாந்திலும் சாதாரண மக்களுக்கு அதே நிலைதான். ராபர்ட்டின் மகன் ஜான், ஜானின் மகன் ராஜர், அவ்வளவே. பெருநிலக்கிழார்களுக்குக் குடும்பப் பெயர் முன்னதாக ஒட்டியது. தெற்கிலும் மத்தியிலும் பெரும்பாலோருக்கு 1400 வாக்கில் நிலைத்தது; வடக்கில் இன்னும் தாமதம்.

பெயர் பரம்பரையாகிவிட்டதைக் கண்டறிய ஒரு நல்ல உரைகல் தொழில். 1379 தலைவரிப் பட்டியலில், குறிப்பாக யார்க்ஷயரின் மேற்குப் பகுதிப் பட்டியலில், பெயருக்கு எதிரே தொழிலும் எழுதியிருக்கிறார்கள். பெயர் ஸ்மித், எதிரே நெசவாளி என்று இருந்தால் அந்த ஸ்மித் வெறும் தொழிற்சொல் அல்ல. தந்தையிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்தது. தலைவரி மூன்று முறை விதிக்கப்பட்டது: 1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 4 பென்ஸ்; 1379இல் தகுதிக்கேற்ப; 1381இல் தலைக்கு ஒரு ஷில்லிங். மூன்றாவது முறை மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பலர் பட்டியலிலிருந்தே மறைந்துகொண்டார்கள் என்பதால் 1381 பட்டியலில் பெயர் இல்லாதது ஒன்றையும் நிரூபிக்காது.

அதற்கு முன்னால் 1327, 1332 வரிப் பட்டியல்கள். 1334 முதல் ஊருக்கு மொத்தத் தொகை மட்டும் எழுதத் தொடங்கிவிட்டார்கள், தனிப்பெயர்கள் மறைந்துவிட்டன. 1348, 1349 கொள்ளைநோய் இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நிற்கிறது. 1332இல் ஓர் ஊரில் இருந்த பெயர் 1379இல் அங்கே இல்லாவிட்டால், குடும்பமே மாண்டிருக்கலாம், ஆளில்லாத நிலம் தேடி வேறு ஊருக்குப் போயிருக்கலாம். இரண்டுக்கும் இடமுண்டு.

நிலம் வைத்திருந்தவர்களுக்கு வேறு வரிசைகளும் உண்டு. நில உடன்படிக்கையை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, நெளிநெளியாக வெட்டி, இரு தரப்புக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு அடித்துண்டை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. அந்த அடித்துண்டுகள் 1195 முதல் 1833 வரை கிடைக்கின்றன. மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தபோது நடத்திய விசாரணைகள் வாரிசின் பெயரையும் வயதையும் சொல்லும். 1086 டூம்ஸ்டே ஏட்டில் உங்கள் பெயரைத் தேட வேண்டாம். அது ஊர்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் உரிய ஏடு. உங்கள் பெயருக்கு மூலமான ஊரைத் தேடுங்கள், அது இருக்கக்கூடும்.

கையெழுத்தும் லத்தீனும்

1733 வரை, இடையில் குடியரசுக் கால ஆண்டுகள் தவிர, நீதிமன்ற ஏடுகள் லத்தீனில்தான் இருந்தன. பயப்பட வேண்டாம்; வாய்பாடு போல ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஃபிலியஸ் மகன், ஃபிலியா மகள், உக்ஸோர் மனைவி, ரெலிக்டா கைம்பெண். ஃபாபெர் என்றால் கொல்லர், டெக்ஸ்டோர் நெசவாளி, பிஸ்டோர் ரொட்டி சுடுபவர். இதில் ஒரு பொறி: ஆங்கிலத்தில் ஸ்மித் என்று அழைக்கப்பட்டவரை எழுத்தர் ஃபாபெர் என்று மொழிபெயர்த்து எழுதியிருப்பார். தேடுபொறியில் ஸ்மித் என்று போட்டால் அவர் வரமாட்டார்.

அந்தக் காலக் கையெழுத்தைப் பழக ஒரு மாதம் போதும், தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால். தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. ஐ, எம், என், யூ நான்கையும் ஒரே மாதிரியான குட்டைக் கோடுகளால் எழுதுவார்கள் என்பதால் கோடுகளை எண்ணிப் பார்த்துத்தான் சொல்லைப் பிரிக்க வேண்டும். அச்சிட்ட சொல்லடைவில் உங்கள் பெயர் இல்லாவிட்டால், அதைப் பதிப்பித்தவர் அந்தக் கோடுகளை வேறு விதமாக எண்ணியிருக்கக்கூடும். முடிந்த இடமெல்லாம் மூலத்தின் படத்தைப் பாருங்கள்.

டிஎன்ஏ எவ்வளவு உதவும்

குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சேர்ந்தே போகின்றன. 2000இல் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே கொண்ட, ஒருவரையொருவர் அறியாத ஆண்களைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரே வகைக் குரோமோசோம் இருந்தது. சைக்ஸ் என்றால் சிற்றோடை. யார்க்ஷயர் முழுக்க ஓடைகள் இருந்தும் அந்தப் பெயர் பெரிதும் ஒரே ஆளிடமிருந்து பரவியிருக்கிறது என்ற முடிவு பலரை வியக்கவைத்தது. அரிய பெயர்களுக்கு இது வலுவான துணை. ஸ்மித் போன்ற பெயர்களுக்கு உதவாது. ஊருக்கு ஊர் வேறு வேறு கொல்லர்கள்.

கவிஞரின் பேத்தி எலிசபெத் 1670இல் பிள்ளையின்றி இறந்ததோடு அவருடைய நேர்வழி முடிந்துவிட்டது. இன்று அவரோடு ஆவணப்படி உறவு காட்டக்கூடியவர்கள் அவருடைய தங்கை ஜோனின் வழிவந்தவர்கள். அவர்கள் பெயர் ஷேக்ஸ்பியர் அல்ல, ஹார்ட். இன்று ஷேக்ஸ்பியர் என்ற பெயரோடு வாழ்பவர் எவரும் கவிஞரின் வழித்தோன்றல் என்று அந்தப் பெயரைக் காட்டி மட்டும் சொல்ல முடியாது.

குறிப்பேடு

ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்தக் காப்பகம், எந்த எண், மூலத்தில் இருந்த எழுத்துக்கூட்டல் அப்படியே, நீங்கள் பார்த்த தேதி. தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து அதே சுருளை மறுபடி விரிப்பீர்கள். உறுதி, சாத்தியம், வெறும் ஊகம் மூன்றுக்கும் மூன்று நிற மை வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அடுத்தவர் போட்டுவைத்த குடும்ப மரத்தை ஊக நிறத்திலேயே எழுதுங்கள், அவர் காட்டும் ஆவணத்தை நீங்களே பார்க்கும் வரை.

தடம் நின்றுபோன இடத்தில் கடைசி ஆளின் பெயர், ஊர், முதல் ஆவணத்தின் தேதி மூன்றையும் எழுதி அதன் மேலே கோடு போடாமல் விடுங்கள். ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்கு அந்த வரி இப்படி இருக்கும்: ரிச்சர்ட், ஸ்னிட்டர்ஃபீல்டு, 1529, மன்றத்துக்கு வராததற்கு 2 பென்ஸ். கிளாப்டன் வில்லியமுக்கு அடுத்த பக்கத்தில் தனித்தாள்.